அடிப்பாகம் இல்லாத டப்பா

வாயாடியின் கடைவாய்ப் பல் உடைந்தபோது ஆபீசில் இன்னும் ஃபேன்கூடப் போட்டிருக்கவில்லை.

தப்பு டப்பாவுடையதுதான் என்று அவன் சாதித்தான். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, வட்டமாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. இழுத்துப் பார்த்தான், நகத்தை விட்டு நெம்பினான், மேசை விளிம்பில் தட்டினான். மசியவில்லை. கடைசியில் வாயில் வைத்துக் கடித்தான். டப்பா அப்படியே இருந்தது. பல்லில் ஒரு மூலை காணாமல் போயிருந்தது.

அண்ணி அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் திருகினாள். அரைத் திருகுகூட இல்லை. ‘க்ளிக்’ என்று இரண்டாகப் பிரிந்தது.

“நான் கடிச்சு இளக்கி வெச்சேன் அண்ணி,” என்றான் வாயாடி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

“ஆமா. உங்கண்ணன் இருந்திருந்தா உன் பல்லுக்கு மாலை போட்டிருப்பார்.”

அந்த அண்ணன்தான் அவனுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர். இந்தத் துப்பறியும் ஆபீசை ஆரம்பித்தவரும் அவர்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வாசல் போர்டை யாரும் மாற்றவில்லை. அவர் நாற்காலியில் இப்போது அண்ணி உட்காருகிறாள். ஆனால் அதில் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாயாடி இதுவரை பார்த்ததில்லை.

டப்பா வேறொரு செத்தவருடையது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியன். வேலை நேரத்தில் எலும்பைப் படம் பிடிப்பார், ஓய்வு நேரத்தில் ஃபிலிம் போடுகிற பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார். ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்ததும், ஆஸ்பத்திரிக்கு எதிரே கட்டிக்கொண்டிருந்த கார் நிறுத்தும் கட்டிடத்தின் மேல்தளத்துக்கு ஏறினார். கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பாத தளம். அவர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. கீழே கிடந்ததைத்தான் பார்த்தார்கள்.

குதித்துவிட்டார் என்று போலீஸ் எழுதியது. அதற்கு ஆதாரம் இந்த டப்பா. ஆஸ்பத்திரி ஆள், சட்டைப்பையில் காலி மாத்திரை டப்பா, விழுங்கிவிட்டுக் குதித்திருக்கிறார், வேறென்ன வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கேமராவைக் காணவில்லையே என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. லென்ஸ் இரண்டும் வீட்டில் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன, ஆகவே அவர் படம் எடுக்கப் போகவில்லை. சாக முடிவு செய்தவர்கள் பிரியமான பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது உண்டு. கேமரா அப்படித்தான் போயிருக்கும்.

அண்ணியிடம் வந்தவள் எக்ஸ்ரேக்காரரின் தங்கை. கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறவள். அவள் கேட்டது சின்ன விஷயம்தான், அதனாலேயே கனமாக இருந்தது.

“அம்மா அன்னைக்குக் காலையில அண்ணனை ஏதோ சொல்லித் திட்டியிருக்காங்க. என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. ‘என் வாய்தான் அவனைத் தள்ளிவிட்டுடுச்சு’ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. யாரையும் பிடிச்சு ஜெயில்ல போட வேணாங்க்கா. அவன் குதிக்கலன்னு அம்மா நம்பற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். அவ்வளவுதான்.”

அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வந்திருந்தார்கள். சுவர் கொள்ளாமல் அவர் எடுத்த படங்கள். பஸ்ஸில் தூங்குகிறவர்கள், குடையைப் பிரிக்கிறவர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள், தங்கை, அம்மா. அவருடைய படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை யார் எடுப்பார்கள்? கடைசியில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காதோரத்தில் முத்திரையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் புகைமூட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. அதன் எதிரில்தான் தாயார் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கவில்லை, அதன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

போலீஸ் ஃபைலை மூடப்போகிறது. எக்ஸ்ரேக்காரரின் சட்டைப்பைச் சாமான்களைக் காலையில்தான் ஒரு காகித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கைக்குட்டை, வீட்டுச் சாவி, அடையாள அட்டை, ஒரு சீப்பு, இந்த டப்பா. சீப்பைப் பார்த்துத் தங்கை புருவத்தைச் சுருக்கினாள். அண்ணன் விரலால்தான் தலை வாருவானாம், அவனிடம் சீப்பைப் பார்த்ததே இல்லையாம். இது மாத்திரை டப்பா இல்லை என்று நிரூபித்தால் ஃபைலை மறுபடி திறப்பதாக இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்காது என்கிற தைரியத்தில் கொடுத்த வாக்கு.

“இது என்ன டப்பா அண்ணி?” வாயாடி இரண்டு பாதியையும் மேசைமேல் வைத்து உருட்டினான். “அடிப்பாகமே இல்ல. ரெண்டும் மூடி. ரெண்டு மூடி கல்யாணம் பண்ணிக்கிட்டு, குடியிருக்க வீடு கிடைக்காம நிக்குது.”

“தமாஷ் போதும். கிளம்பு.”

அண்ணி இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று பளபளப்பான கறுப்பு. இன்னொன்று வெளுத்துச் சாம்பல் தட்டியிருந்தது. இரண்டுக்கும் உள்விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள். ஆழம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மாத்திரை போட்டால் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

அன்று அவர்கள் ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் வாயாடிக்கு இன்றும் முழங்கால் வலிக்கும்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளில் ஆரம்பித்தார்கள். முதல் கடைக்காரர் இழுத்தார், நெம்பினார், திறக்க முடியாமல் தன் மச்சானைக் கூப்பிட்டார். மச்சானும் முடியாமல் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒன்றைத் தாங்கள் விற்றதில்லை, விற்றிருந்தால் வாங்கினவர் அன்றே வந்து சண்டை போட்டிருப்பார் என்றார். அடுத்த கடையில், இருந்தாலும் இருக்கலாம், முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். அதற்கடுத்த கடையில் டப்பாவை விட்டுவிட்டு அண்ணியின் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அலங்காரப் பொருள் விற்கிற பெண் திருகித் திறந்து மோந்து பார்த்தாள். க்ரீம் வாசனை இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வெகுநேரம் ஆராய்ந்து, இது கடிகாரம் இல்லை என்றார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கான டப்பாவோ என்று அண்ணி கேட்டாள். கடைக்காரர் தன்னிடமிருந்த டப்பாவை எடுத்துக் காட்டினார். அதில் இடது கண்ணுக்கு ஒரு குழி, வலது கண்ணுக்கு ஒரு குழி. இதில் குழியே இல்லை. பாத்திரக் கடைக்காரர் மூடியைத் தனியாக விற்பதில்லை என்று கறாராகச் சொன்னார்.

“தனியா இல்லைங்களே, ஜோடியாத்தானே வந்திருக்கு,” என்று வாயாடி சொன்னதும் அவர் முறைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் அண்ணி பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் வந்தால் அவள் வேகமாக நடப்பாள். வாயாடி பின்னால் ஓடினான். பல் ஒவ்வொரு அடிக்கும் விண் விண்ணென்று தெறித்தது. பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தபோது அண்ணி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். க்ளிக். திறந்தாள், மூடினாள். க்ளிக்.

“அந்தம்மா இன்னைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாங்க,” என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. “நாம இங்க மூடி விக்கிறவன்கிட்ட பேச்சு வாங்கிட்டிருக்கோம்.”

வாயாடிக்கு ஒரு பகடி நாக்கு நுனிவரை வந்தது. பல்லைத் தாண்டி வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்த அண்ணி, சட்டென்று எழுந்தாள். பல்செட் போட்டு வைக்கவும் டாக்டர்கள் டப்பா கொடுப்பார்களே, அதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்றாள். பல் டாக்டர் ஒருவரை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எக்ஸ்ரேக்காரர் உறுப்பினராக இருந்த புகைப்படக் கழகத்தின் செயலாளர். போன வாரம், டப்பா கைக்கு வருவதற்கு முன், கழகத்து ஆட்கள் எல்லோரையும் விசாரித்தபோது இவரையும் பார்த்திருந்தார்கள். எக்ஸ்ரேக்காரரை அவர் சாவதற்கு முன் பல வாரமாகச் சந்திக்கவே இல்லை என்று மற்றவர்களைப் போலவே இவரும் சொல்லியிருந்தார். தங்கமான மனுஷன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உன் பல்லையும் பார்த்துடலாம். ஒரே பஸ் டிக்கெட்.”

கிளினிக் சுவரில் டாக்டர் எடுத்த படங்கள். வாய் பிளந்த குஞ்சுப் பறவை, கொட்டாவி விடுகிற பூனை, ஏதோ மிருகக்காட்சி சாலையில் நீர்யானை. வாயைத் திறக்காத எதையும் இவர் படம் பிடிக்க மாட்டார் போலிருக்கிறது என்று வாயாடி அண்ணியின் காதில் சொன்னான்.

டாக்டர் மெலிந்த மனிதர். கழுவிக் கழுவி வெளுத்த கைகள். அண்ணி டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கினார், ஒருமுறை பார்த்தார். அதுகூட முழுப் பார்வை இல்லை. பல்செட் டப்பா என்றால் இதைவிட ஆழமாக இருக்கும் என்றார்.

“இது மாத்திரை டப்பாதான். வேற என்னவா இருக்கப் போகுது?” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணியின் தோள் இறங்கியது. நாள் முழுக்க அலைந்து, கடைசியில் போலீஸ் சொன்னதையே ஒரு டாக்டர் வாயாலும் கேட்டாகிவிட்டது. அவள் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாயாடியை நாற்காலியில் சாய்த்தார்கள். ஊசி போட்டதும் உதடு மரத்தது. வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டையைப் பற்களுக்கு நடுவே செருகி, கன்னத்தில் பஞ்சைத் திணித்தார் டாக்டர். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் வாயாடி பேசாமல் இருந்ததில்லை என்று அண்ணி சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல முடியவில்லை. மேலே விளக்கு கண்ணைக் குத்தியது.

உடைந்த பல்லைச் சரிசெய்வதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பது தன் வழக்கம் என்றார் டாக்டர். அலமாரியைத் திறந்தார். கேமராவும் லென்ஸும் தனித்தனியாக இருந்தன. கேமராவின் வாயை ஒரு கறுப்பு மூடி அடைத்திருந்தது. அவர் பேசிக்கொண்டே அதைத் திருகி எடுத்தார். லென்ஸை எடுத்தார். அதன் வால் பக்கத்திலும் ஒரு மூடி. அதையும் திருகி எடுத்தார். லென்ஸைக் கேமராவில் பூட்டினார். பிறகு, கண் அந்தப் பக்கமே போகாமல், இரண்டு மூடியையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒரு திருகு திருகி வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டார்.

க்ளிக்.

வாயாடி கைகளை உதறிக்கொண்டு எழப் பார்த்தான். “ஆ… ஆ… ஆ…”

“வலிக்குதா?” என்று குனிந்தார் டாக்டர்.

“வலி இல்ல டாக்டர்,” என்றாள் அண்ணி ஸ்டூலிலிருந்து. “அவனுக்குப் பேசணும். காலையிலேயே பேசினான். நான்தான் காதுல வாங்கல.”

அவள் எழுந்து வந்தாள். பையிலிருந்த டப்பாவை எடுத்து, கருவிகள் அடுக்கியிருந்த தட்டில் வைத்தாள். இரண்டு மூடி கல்யாணம் பண்ணிக்கொண்டது என்று இவன் சொன்னான். பகடி என்று தள்ளிவிட்டோம். எக்ஸ்ரேக்காரர் வீட்டில் அந்த லென்ஸ்களை உறையிலிருந்து வெளியே எடுத்து வாலைப் பார்த்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும். ஒரு நாள் முழுக்க மருந்துக்கடை மச்சான்களோடு போயிருக்காது.

“உங்க கோட்டுப் பையில இருக்கறதைக் கொஞ்சம் இதுக்குப் பக்கத்துல வைக்கறீங்களா?”

டாக்டர் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“காலையிலேர்ந்து இந்த டப்பாவை வாங்கின அத்தனை பேரும் திறக்கப் பார்த்தாங்க. இவன் பல்லையே உடைச்சுக்கிட்டான். நீங்க ஒருத்தர்தான் திறக்கல. உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். என்னன்னு தெரியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். படக் கழகத்துச் செயலாளர் இதைப் பார்த்து மாத்திரை டப்பான்னு சொல்றார். வாய் பொய் சொல்லிடுச்சு டாக்டர். கைக்குச் சொல்ல வரல.”

அவள் டப்பாவைத் திருகிப் பிரித்தாள். பளபளப்பான பாதியைத் தொட்டாள். இது எக்ஸ்ரேக்காரர் கேமராவின் வாய் மூடி. வெளுத்த பாதியைத் தொட்டாள். இது ஒரு லென்ஸின் வால் மூடி. அவருடைய லென்ஸ் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. வெறும் கேமராவை மூடி போட்டுக் கொண்டுபோனவர், மேல்தளத்தில் யாரோ கொண்டுவந்த லென்ஸை அதில் பூட்டியிருக்கிறார். தூசி படாமல் இருக்க இரண்டு மூடியையும் சேர்த்துத் தன் சட்டைப்பையில் போட்டிருக்கிறார்.

“இது டப்பா இல்ல,” என்றாள் அண்ணி. “ரெண்டு பேர்.”

டாக்டர் அலமாரியின் கீழ்த் தட்டைத் திறந்தார். நீளமான பழைய லென்ஸ் ஒன்று அங்கே இருந்தது. முன்பக்கம் ஒழுங்காக மூடி போட்டிருந்தது. வால் பக்கம் கையுறை ஒன்றை இழுத்து மாட்டி ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். பல் பார்க்கும்போது போடுகிற கையுறை. அதன் ஐந்து விரலும் காற்றில்லாமல் தொங்கின. அந்தப் பழைய மாடலுக்கு இப்போது மூடி கிடைப்பதில்லை. கழகத்தில் அந்த மாடல் கேமராவும் லென்ஸும் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். அதனாலேயே சினேகிதர்கள்.

அவர் சொன்னது அத்தனையும் வாயாடிக்கு மேலே விளக்கைப் பார்த்தபடியேதான் காதில் விழுந்தது. அன்று மத்தியானம் எக்ஸ்ரேக்காரர் போன் செய்து, தன் முகத்தை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். டாக்டருக்குச் சிரிப்பாக இருந்ததாம், இத்தனை வருஷத்தில் அவர் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. முகத்துக்கு நீள லென்ஸ்தான் நன்றாக இருக்கும், நான் கொண்டு வருகிறேன், நீங்கள் கேமராவை மட்டும் எடுத்து வாருங்கள் என்று சொன்னது டாக்டர். மேல்தளத்தில் சாயங்கால வெயில் அருமையாக விழும் என்று சொன்னதும் டாக்டர்.

“அந்த லென்ஸுக்குக் கிட்டத்துல இருந்தா முகம் தெளியாது. என் முதுகுக்குப் பின்னாடி செங்கல் அடுக்கி வெச்சிருந்தாங்க, நான் நகர முடியல. அவரைத்தான் நகரச் சொன்னேன். ‘பின்னாடி போங்க, இன்னும் கொஞ்சம்’னு.” அவர் கையுறை சுற்றிய லென்ஸை எடுத்துக் கையில் பிடித்தார். “எனக்கு அதுல முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. கால் எங்க இருக்குன்னு தெரியல. தெளிஞ்சுது. அப்புறம் முகத்தைக் காணோம்.”

கீழே ஓடினாராம். கூட்டம் கூடியிருந்ததாம். கையில் செத்தவருடைய கேமரா. தள்ளிவிட்டான் என்று சொல்வார்கள் என்று தோன்றியதாம். நடந்துகொண்டே இருந்தாராம். மறுநாள் குதித்துவிட்டதாக ஊரே பேசியபோது, வாயைத் திறக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டதுபோல் இருந்ததாம். கேமரா வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது. ஃபிலிம் இன்னும் அதில்தான். கழுவவும் தைரியமில்லை, தூக்கி எறியவும் மனசில்லை.

“கடைசிப் படம் எடுத்தீங்களா?”

“பொத்தானை அழுத்தினேனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று வாயாடிக்குத் தோன்றியது.

“சாவுக்கு வந்து அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களாமே. அவங்க தன் வாயைத் தானே சபிச்சுக்கிட்டதைக் கேட்டுக்கிட்டும் நின்னிருக்கீங்க.” தட்டிலிருந்த இரண்டு மூடியையும் எடுத்துத் தன் பையில் போட்டாள். “இவன் பல்லை முடிங்க. ஃபிலிமைக் கழுவலாம். அது வெத்தா இருந்தாலும் சரி, நீங்க என்னோட அந்த வீட்டுக்கு வர்றீங்க. போலீசுக்கு அப்புறம் போங்க.”

இதையெல்லாம் இப்போதுதான் சொல்லி முடித்தவர் கையில் வாயைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பது எப்படியிருக்கும் என்று அன்று வாயாடி தெரிந்துகொண்டான்.

கழகத்துக்கென்று ஒரு இருட்டறை இருந்தது. டாக்டர்தான் ஃபிலிமைக் கழுவினார், அண்ணி பக்கத்திலேயே நின்றாள். ஈரம் சொட்டுகிற ஃபிலிமைக் கொடியில் தொங்கவிட்டு விளக்கைப் போட்டபோது மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதை, சக்கர நாற்காலி, தூங்குகிற நாய், பஸ் கண்ணாடியில் யாரோ விரலால் எழுதியது. பிறகு ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அண்ணி ஃபிலிமின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். வெறுமைக்கு அடுத்து இன்னொரு கட்டம். நெகட்டிவ் என்பதால் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும், தலைகீழாக ஒரு ஆள்.

டாக்டர் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தில் படமாக ஏற்றி எடுக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர்கள் போனபோது தங்கை கதவைத் திறந்தாள். தாயார் அதே இடத்தில், புகைமூட்டத்தில் நிற்கிற அந்த முகத்தின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். டாக்டர் நிலைப்படியோடு நின்றுவிட்டார். அண்ணி படத்தைத் தாயாரின் மடியில் வைத்தாள்.

காகிதம் முழுக்க அந்த முகம். பக்கவாட்டிலிருந்து வெயில் விழுந்து ஒவ்வொரு முடியும் தெரிந்தது. தலையை வகிடெடுத்துப் படிய வாரியிருந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்தை இறுக்கப் போட்டிருந்தார். அது குத்துவதுபோல் முகவாயைச் சற்றே தூக்கிக்கொண்டு, எதிரே இருக்கிறவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுற்றி எல்லாம் கலங்கலாக இருந்தது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தாயார் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். விரலால் அந்தப் பொத்தானைத் தொட்டார்.

“போட்டிருக்கான்,” என்றார்.

பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னார்.

“‘ஊரையே புடிக்கிறியேடா, உன் மூஞ்சி ஒண்ணு இருக்கா இந்த வீட்ல? நாளைக்கு உன்னை நினைச்சுக்கணும்னா நான் எதைடா பார்ப்பேன்’னு கேட்டேன். அந்த வார்த்தைதான் பலிச்சுடுச்சுன்னு… எடுத்தா பரட்டைத் தலையோட நிக்காதே, மேல் பொத்தானைப் போடுன்னும் சொன்னேன். பதிலே பேசாமப் போனான். கோச்சுக்கிட்டுப் போறான்னு நினைச்சேன்.” சட்டைப்பையில் சீப்பு ஏன் இருந்தது என்று அப்போதுதான் தங்கைக்குப் புரிந்தது. “நான் கேட்டதை எடுக்கத்தான் போயிருக்கான்.”

வாயாடிக்கு உதட்டின் மரமரப்பு இன்னும் போகவில்லை. அண்ணி அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை கனத்தது.

தாயார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நல்லா எடுத்திருக்காங்க. யாரு எடுத்தது?”

அண்ணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“நான்தாம்மா,” என்றார் டாக்டர் நிலைப்படியிலிருந்து. “நான்தான் எடுத்தேன். நான்தான் பின்னாடி போகச் சொன்னேன்.”

தங்கை விருட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். தாயார் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான் என்று அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. அது தெரிந்த பிறகும் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று வாயாடியால் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு இல்லை. கோபம் வருவதற்கு முன்னால் வேறொரு வேலை இருப்பதுபோல் இருந்தது.

தாயார் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“இப்படி வந்து உட்காருங்க,” என்றார். “சிரிக்கறானே, அப்போ உங்ககிட்ட என்ன சொன்னான்?”